இரு பெட்டிகளுக்கு நடுவே ஒரு கடல்

பட்டினப்பாக்கத்தில் நாம் பத்தொன்பது ஆண்டுகள் குடியிருந்தோம். அலையோசை அங்கே தனியாகச் செவியில் படுவதில்லை, நின்றால்தான் தெரியும். தாம்பரத்தை அடுத்து வீடு மாறிய பின், படுக்கையில் விழுந்துவிட்ட அன்னை முதலில் சொன்னது, "ஏன்டா, இங்க எதுவுமே கேக்கலையே" என்பதுதான்.

நம்மிடம் முன்பு மொழிப்பாடம் பயின்ற மாணவர் ஒருவர் இன்று ஒலிப்பொறியாளர். இரு காதுகளிலும் சிறு ஒலிவாங்கிகளைச் செருகிக்கொண்டு, ஒரு விடியலில் பட்டினப்பாக்கம் கரையில் அரைமணி நேரம் தலையசைக்காமல் நின்று பதிவு செய்து வந்தார். எதிரே அலை, வலப்புறம் படகைக் கரையேற்றுவோரின் குரல், இடப்புறம் மீன் விற்கும் பெண்கள். ஹெட்ஃபோனில் கேட்டபோது மெய்சிலிர்த்தது. ஆனால் அன்னையின் காதில் எதை மாட்டினாலும் பிடுங்கி எறிந்துவிடுவார். ஒலிபெருக்கிகளில் ஒலிக்கவிட்டோம். கடல் இரண்டு பெட்டிகளுக்குள் சுருண்டுகொண்டது.

வலப்புற ஓசை இடச்செவியை எட்டுவதில் ஏற்படும் தாமதம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தத் தாமதத்தையும், தலை மறைப்பதால் வரும் மங்கலையும், செவிமடலின் மடிப்புகள் செய்யும் மாற்றத்தையும் கொண்டே நாம் திசை அறிகிறோம். ஹெட்ஃபோனில் அவரவர் பங்கு அவரவர் செவிக்குப் போய்ச்சேர்கிறது. ஒலிபெருக்கியிலோ, இடப்பெட்டியின் ஒலி அழையா விருந்தாளியாய் வலச்செவிக்குள்ளும் நுழைந்துவிடுகிறது.

இந்தக் கசிவை மறுபெட்டியிலிருந்து எதிரொலி ஒன்றை அனுப்பி அழிக்கலாம் என்று 1960களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் வழி கண்டவர்கள் இருவர்: மன்ஃபிரெட் ஷ்ரோடர், கான்பூரில் பிறந்து பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் இருந்த பிஷ்ணு அடல். (கைப்பேசியில் நம் குரலைச் சுருக்கி அனுப்பும் முறைக்கும் இவ்விருவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.) 1966இல் காப்புரிமை கிடைத்தது. சிக்கல் என்னவெனில், அழிக்க அனுப்பிய ஒலியும் இந்தப்பக்கம் கசியும். அதை அழிக்க இன்னொன்று, அதற்கு மற்றொன்று என்று தேய்ந்துகொண்டே போகும் சங்கிலி அது. முழுச்சங்கிலிக்கும் நான்கு வடிகட்டிகள் தேவை. கேட்பவர் இரு பெட்டிகளுக்கும் சரிநடுவே இருந்தால், இரு ஒலிகளின் கூட்டலையும் கழித்தலையும் தனித்தனியே வடிகட்டி, இரண்டோடு முடித்துவிடலாம் என்று 1989இல் கூப்பரும் பாக்கும் எழுதினர். கணக்கில் பாதி மிச்சம். இலக்கணம் பயின்ற நமக்கு இந்தச் சிக்கனம் சூத்திரம் எழுதுவோரின் சிக்கனமாகவே பட்டது.

மாணவர் அளவுநாடாவோடு வந்தார். தலையணையின் நடுவைக் குறித்து, கட்டிலின் கால்மாட்டில் பெட்டிகளை நெருக்கமாக வைத்து, மடிக்கணினியை இயக்கினார். சுவர் கரைந்தது. பெட்டிகளுக்கு வெகு வெளியே, அறையே இல்லாத இடத்தில் படகு இழுபட்டது. முதுகுக்குப் பின்னால் வரவேண்டிய பேருந்து மட்டும் கடலுக்குள்ளிருந்து வந்தது; முன்னும் பின்னும் மயங்குவது இம்முறையின் தீராத குறை என்றார். அன்னை அதைப் பொருட்படுத்தவில்லை. கண்களை மூடியிருந்தார்.

மீன்காரப் பெண்ணின் குரல் எழுந்ததும், "வஞ்சிரம் என்ன வெலன்னு கேளுடா" என்று இடப்பக்கம் முகத்தைத் திருப்பினார்.

சில விரற்கடை விலகினாலே போதும், கணக்குக் கலைந்துவிடும். திரும்பிய கணத்தில் பெண்களும் அலையும் பெட்டிக்குள் போய்விட்டனர்.

"எங்கடா போயிட்டாங்க?"

தலையசைவைக் கேமராவால் தொடர்ந்து கணக்கை மாற்றிக்கொண்டே இருக்கலாம், அதற்கு இன்னும் ஒரு வாரம் வேண்டும், ஐயா என்றார் மாணவர். நாம் அன்னையின் முகத்தை இரு கைகளாலும் ஏந்தி, மெல்ல நேராகத் திருப்பி வைத்தோம்.