ஆறாவது பல் பால் பல் இல்ல!

விருத்தாசலம்னு சொன்னா வெளியூர் ஃப்ரெண்ட்ஸுக்கு ஞாபகம் வர்றது ரெண்டே விஷயம். ஒண்ணு ரயில்வே ஜங்ஷன், இன்னொண்ணு செராமிக். அதுக்குப் பக்கத்துல இருக்கிற நல்லூர்தான் என் சொந்த ஊர். செராமிக் கம்பெனியில பொம்மை அச்சு பூட்டுற அத்தைங்களை சின்ன வயசுல பார்த்திருக்கேன். எது முன்பாதி, எது பின்பாதின்னு உத்துப் பார்க்கவே மாட்டாங்க. தடவினதும் கையே சொல்லிடும். பி.டி.எஸ். முதல் வருஷம் எங்களுக்கு வைக்கிற டெஸ்ட்டும் கிட்டத்தட்ட அதுதான்!

பாட்டில்ல போட்டு வெச்சிருக்கிற, எப்பவோ பிடுங்கின பல் ஒண்ணைக் கையில கொடுப்பாங்க. மேலா, கீழா? வலதா, இடதா? எத்தனாவது பல்? காரணத்தோட சொல்லணும். கடைவாய்ப்பல்லுன்னா முதல்ல வேரை எண்ணணும். மூணு வேர் இருந்தா பெரும்பாலும் மேல்தாடை, ரெண்டுன்னா கீழ்த்தாடை. மெல்லுற பரப்புல அஞ்சு மேடு இருந்தா அநேகமா கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல். வேர் நுனி தொண்டைப் பக்கமா லேசா சாய்ஞ்சிருக்கும். அதை வெச்சு வலது, இடது. கீழ் நடு வெட்டுப்பல்தான் கழுத்தறுப்பு... ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்து தொலைக்கும். இது போதாதுன்னு மெழுகுக் கட்டியில பல்லைச் செதுக்கவும் செய்யணும். நகக்கண்ணு பூரா மெழுகோட மெஸ்ஸுக்குப் போன நாட்கள் உண்டு.

எழுதும்போது பேர் கிடையாது, நம்பர்தான். 1861-ல் வியன்னாவில் சிக்மாண்டி என்ற பல் மருத்துவர் வாயை நாலா பிரிச்சுக் கோடு போட்டு எண்ண ஆரம்பிச்சார். இப்போ நாங்க எழுதுறது, 1970-ல் உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு ஏத்துக்கிட்ட ரெண்டு இலக்க முறை. மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. எல்லாம் பேஷன்ட்டோட வலது, இடது, நம்மளோடது இல்ல! அடுத்த இலக்கம், நடுவுல இருந்து எத்தனாவது பல் என்பது. கீழ் வலது முதல் கடைவாய்ப்பல் 46. நாற்பத்தாறுன்னு சொல்லக் கூடாது, 'நாலு - ஆறு'. அமெரிக்காவில் 1-ல் இருந்து 32 வரை வரிசையா எண்ணுறதால, அதே பல் அங்கே 30.

பால் பல்லுக்கு முதல் இலக்கம் 5-ல் இருந்து 8 வரை. மொத்தமே 20 பால் பல்தான், ஒவ்வொரு கால் பகுதிக்கும் அஞ்சு. கவனிச்சீங்களா? ஆறாவது இடத்துல பால் பல்லே கிடையாது! ஆறு வயசு வாக்குல, எந்தப் பல்லும் விழாம, வரிசைக்குப் பின்னாடி சத்தமில்லாம ஒண்ணு முளைக்கும். அது நிரந்தரப் பல். ஒண்ணும் விழாததால வீட்ல யாருக்கும் தெரியறதே இல்ல.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனா, எட்டு வயசு அக்கா பையன் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். "பால் பல்லுதாண்டா... புடுங்கிட்டா வேற முளைச்சிட்டுப் போவுது"ன்னாங்க ஆயா.

செல்போன் டார்ச்சை அடிச்சு நடுவுல இருந்து எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு... அஞ்சு, ஆறு. நாலு - ஆறு! நடுவுல பெரிய குழி.

"ஆயா, இது போனா போனதுதான். இன்னும் அறுபது வருஷம் மெல்ல வேண்டிய பல்லு."

"இது எப்படா முளைச்சுது?" அக்காவுக்கு நம்பிக்கையே வரலை.

இந்தப் பல்லை எடுத்துட்டா பின்னாடி முளைக்கிற பல் அந்த இடத்துல சாயும், மேல் பல் கீழே இறங்கும். கடிக்கிற வாட்டமே மாறிடும். எட்டு வயசுல வேர் நுனிகூட முழுசா மூடியிருக்காது. ஒன்பது, பத்து ஆகும். அது மூடுற வரைக்கும் காப்பாத்தி வைக்கிற சிகிச்சை இருக்கு. பயல் அழுதான், நாலு தடவை சிதம்பரத்துக்கு பஸ் ஏறினான், பல் தப்பிச்சுது. இப்போதைக்கு ஸ்டீல் கேப். "வெள்ளையா வைக்க மாட்டியா மாமா?"ன்னான். வளர்ந்தப்புறம் பீங்கான் கேப் போட்டுக்கலாம். எங்க ஊர் ஃபியூஸ் கட்டைக்குப் போடுற ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும்தான் பல் பீங்கானுக்கும் அடிப்படை!

மிச்சமிருக்கிற 16, 26, 36 மூணுக்கும் பள்ளத்தை அடைக்கிற சீலன்ட் போட்டாச்சு. அக்காவோட சின்னப் பொண்ணுக்கு வர்ற தையில ஆறு வயசு ஆகுது. டார்ச்சோட போகணும்.