பங்கும் ‘பங்க்’கும்

“சாமி, ஹால் சாவியைக் கொடுங்க. சாயங்காலம் டிரம்ஸ் அடிச்சுப் பழகிக்கிறோம்” என்று வேப்பூர் இளைஞர் நால்வர் என்முன் வந்து நின்றனர். சாயம் ஏற்றிய முடியையும் கிழிந்த கால்சட்டையையும் கண்ட நான், “முதலில் முடியை வெட்டிக்கொண்டு வாருங்கள்” என்று அனுப்பிவிட்டேன். அவர்கள் முடியையும் வெட்டவில்லை; திரும்பியும் வரவில்லை. ஞாயிறு திருப்பலியிலும் அவர்களைக் காணோம்.

அந்த வாரத்தில்தான், 1990-இல் மறைந்துபோன கிழக்கு ஜெர்மனியின் திருச்சபை வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே பொதுவுடைமை அரசு இசைக்கும் உரிமம் கேட்டது. உரிமம் பெறாத குழு பொதுமேடை ஏற இயலாது. 1980-களின் தொடக்கத்தில் ‘பங்க்’ என்னும் முரட்டு இசையில் மனம் பறிகொடுத்த பதின்வயதினர், முடியைச் சிலிர்த்து நிறுத்தி, சட்டையில் ஊக்குகளைக் குத்திக்கொண்டு தெருவில் நடந்தனர். காவலர் அவர்களைத் துரத்தினர். அவர்களுக்குக் கதவு திறந்தவை சில புராட்டஸ்டன்ட் ஆலயங்களே. 1983 ஏப்ரலில் ஹாலே நகரின் கிறிஸ்து ஆலயத்தில் அவர்கள் கூடி இசைத்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் ‘நாமென்லோஸ்’, அதாவது ‘பெயரற்றோர்’, என்னும் குழுவினர் தாங்கள் பாடிய பாடல்களுக்காகக் கைதாகிச் சிறை சென்றனர்.

கதவு திறந்த போதகர்களை அரசு நெருக்கியது. சபையாரிலும் பலர் முகம் சுளித்தனர். ஆயினும் கதவுகள் திறந்தே இருந்தன.

பெர்லின் சீயோன் ஆலயமும் அவ்விளைஞருக்கு இடம் தந்த ஒன்று. அரை நூற்றாண்டுக்கு முன், 1931-இல், அதே ஆலயத்தில்தான் டீட்ரிக் போன்ஹோபர், எவருக்கும் அடங்காத ஏழைச் சிறுவருக்கு மறைக்கல்வி கற்பித்தார். அவர்கள் வாழ்ந்த பகுதியிலேயே ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, மாலை வேளைகளில் அவர்களுக்காகத் திறந்து வைத்தார். 1945-இல் நாஜிகள் தூக்கிலிட்ட மறைச்சாட்சி அவர். குருமடத்தில் அவரது இறையியலைத் தேர்வுக்காகக் கற்றேன். அந்த அறைக்கதவை மறந்துவிட்டேன்.

அன்பர்களே, வேப்பூர் பெர்லின் அன்று. நம் பிள்ளைகளை எந்த உளவுத்துறையும் பின்தொடரவில்லை. எந்த அரசும் அவர்கள் முகத்தில் கதவை அடைக்கவில்லை. அடைத்தவன் நான்.

அருகிலுள்ள விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர்பெற்ற ஊர். ‘பளபளப்பாகிய பின் வா’ என்று அங்கே எந்தச் சூளையும் களிமண்ணைத் திருப்பி அனுப்புவதில்லை.

நேற்று மாலை சாவியை எடுத்துக்கொண்டு கூட்டுரோட்டுத் தேநீர்க் கடைக்கு நானே சென்றேன். மூவர் உடன் வந்தனர். நான்காமவன், “வேண்டாம் சாமி” என்று தலை குனிந்துகொண்டான். சத்தம் பற்றிப் பெரியவர்கள் இன்று காலையே முறையிட்டுவிட்டார்கள். ஆயினும் அவன் வரும்வரை ஹாலைப் பூட்டுவதாக இல்லை.