ஒரே ஒரு கிழக்குப் பார்த்த வாசல்

சென்னையைச் சுற்றி வீடு தேடும் எவருக்கும் ஒரு விஷயம் சீக்கிரமே பிடிபட்டுவிடும். எந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனாலும் கிழக்குப் பார்த்த வாசல் உள்ள வீடு ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருக்கும். அதையும் காலையில் வந்த ஒரு டாக்டர் குடும்பம் பார்த்துவிட்டு, "சாயங்காலம் சொல்றோம்" என்று போயிருக்கும். இந்த டாக்டரைப் பற்றிக் கேளம்பாக்கத்திலும் கேள்விப்பட்டோம், ஊரப்பாக்கத்திலும் கேள்விப்பட்டோம். எங்களுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய்க்கொண்டே இருக்கிறார். இத்தனை வீடு பார்த்தும் எதையும் வாங்காத மனிதர் என்பதால் அவர்மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது.

நங்கநல்லூரில் வாடகைக்கு இருக்கிறோம். ஓய்வு பெறுவதற்குள் சொந்தமாக ஒன்று வேண்டும் என்பது என் மனைவியின் தீர்மானம். போனில் விசாரித்த மாத்திரத்தில் எல்லாக் கம்பெனியும் சொல்வது, "கார் அனுப்பறோம் சார், வீட்டு வாசல்லயே பிக்கப்." ரயில் போகும் இடமென்றால் நாங்கள் பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறிப் போய்விடுவோம். இதில் இரண்டு லாபம். ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கும் இடத்துக்கு நடந்து போனால் அரை மணி ஆகும் என்பது நம் காலுக்கே தெரியும். இன்னொன்று, அவர்கள் காரில் போனால் திரும்பும் நேரத்தையும் அவர்கள்தான் முடிவு செய்வார்கள். "டிரைவர் சாப்பிடப் போயிருக்கார், அதுக்குள்ள மேனேஜரை ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்று உட்காரவைத்து விடுவார்கள்.

விற்பனை நெருக்கடி என்றால் யாரோ அதட்டுவார்கள், மிரட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவோம். அது உபசாரமாகத்தான் வரும். வெயிலில் வந்தவர்களுக்கு இளநீர். குளிரூட்டிய கூடத்தில் மெத்தென்ற சோபா. கொஞ்ச நேரத்தில் ஃபில்டர் காபி. நம் ஊரில் ஒருவர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, அவர் கேட்டதற்கு முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல யாருக்கு நா எழும்? இந்தத் தாட்சண்யத்தை அஸ்திவாரமாக வைத்துத்தான் அவர்கள் பாதிக் கட்டடத்தை எழுப்புகிறார்கள்.

உறவுமுறை மாறும் நேரத்தைக் கவனித்தால் நெருக்கடி எப்போது தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். வாசலில் "சார்", "மேடம்." மாடல் ஃபிளாட்டைச் சுற்றிப் பார்க்கும் வரைக்கும் அப்படித்தான். விலை பேச உட்கார்ந்ததும் "அப்பா, அம்மா" ஆகிவிடுவோம். "அம்மா, உங்க பையன் மாதிரி சொல்றேன், இதை விட்டுடாதீங்க." என் மனைவி இதற்கெல்லாம் மசியமாட்டாள். எங்கள் சொந்தப் பையன் சொல்வதையே அவள் கேட்பதில்லை.

அப்படிப் போன ஓர் இடத்தில், மாடல் ஃபிளாட்டில் அவள் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். படுக்கையறையில் பெரிய கட்டில், பக்கத்தில் மேஜை விளக்கு, சுற்றி நடக்கத் தாராளமாக இடம். வந்தவர்கள் எல்லாரும் "பரவாயில்லையே, ரூம் பெரிசா இருக்கே" என்றார்கள். இவள் குனிந்து கட்டிலைச் சாணால் அளந்தாள். எங்கள் வீட்டுக் கட்டில் ஒன்பது சாண், அது ஏழரை. என் உயரத்துக்குப் பாதம் வெளியே தொங்கும். பிறகு அறைக்குக் கதவே இல்லை என்பதையும் காட்டினாள். கதவு இருந்தால் அது திறந்து மூட இடம் வேண்டும், அலமாரி எங்கே நிற்கும் என்ற கேள்வி வரும். கூட வந்த விற்பனைப் பையன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். 1,100 சதுர அடி என்று சொல்லப்பட்ட அந்த வீட்டில் கார்பெட் ஏரியா எவ்வளவு என்று கேட்டதும், "அது ஒரு எழுநூத்தம்பது வரும் மேடம்" என்றான். மீதி முந்நூற்றைம்பது படிக்கட்டிலும் லிஃப்டிலும் கிளப் ஹவுஸிலும் வெளிச்சுவரிலும் இருக்கிறது. கிளப் ஹவுஸுக்கு விளம்பரப் புத்தகத்தில் இரண்டு பக்கம் படம். நம் பங்குக்கு எழுதித் தரப்படும் நிலம், அந்த யு.டி.எஸ்., எத்தனை சதுர அடி என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. ஐம்பது வருஷம் கழித்துக் கட்டடம் போனாலும் மிஞ்சுவது அது ஒன்றுதான்.

அப்புறம் மேனேஜர் வந்தார். சதுர அடி 6,500 ரூபாய், பைசா குறையாது என்றார். நாங்கள் எழுந்தோம். உள்ளே போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்து, "எம்.டி.கிட்டயே பேசிட்டேன், இருநூறு குறைக்கறோம், ஆனா இன்னிக்கு டோக்கன் போட்டா மட்டும்" என்றார். 1,100 சதுர அடிக்கு இருநூறு என்றால் 2,20,000 ரூபாய். பத்து நிமிஷத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் இறங்குகிற விலை நாளைக்கு மட்டும் ஏன் ஏறப்போகிறது என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் பதில் இருக்கும்.

உண்மையில் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறார்கள். நம் மக்கள் மறுப்பதற்கு வழக்கமாகச் சொல்லும் சாக்குகள் அவர்களுக்கு மனப்பாடம். ஆடி முடியட்டும் என்றால், "டோக்கன் இப்ப போட்டு வெச்சுக்குங்க, அக்ரிமெண்டை ஆவணியில போட்டுக்கலாம்." வாஸ்து பார்க்க வேண்டும் என்றால் நிபுணர் கையெழுத்திட்ட தாளே தயார். பையனைக் கேட்க வேண்டும் என்றால், "வீடியோ கால் போடுங்கப்பா, நானே அண்ணன்கிட்ட பேசறேன்." சாக்குச் சொல்லும் வரையில் நாம் அவர்கள் ஆட்டத்தில்தான் இருக்கிறோம். அவர்களிடம் பதில் இல்லாமல் கூடம் அமைதியானது ஒரே ஒரு வாக்கியத்துக்குத்தான்: "மூலப்பத்திரம், முப்பது வருஷ வில்லங்கம், பட்டா, திட்ட அனுமதி நகல் எல்லாம் கொடுங்க, எங்க வக்கீல் பார்த்துச் சொல்லட்டும்."

கொஞ்சம் கழித்து, "எல்லா பேங்க்கும் அப்ரூவ் பண்ணின பிராஜெக்ட் சார்" என்றார் மேனேஜர். பேங்க் பார்ப்பது தான் கொடுக்கும் கடன் திரும்பி வருமா என்று. நமக்காக அது வக்கீல் வைப்பதில்லை. 

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தாட்சண்யம் பார்க்காத ஒரே ஆள் அதுதான். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாகவோ கட்டி விற்பவர் ரெரா எனப்படும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். 500 சதுர மீட்டர் என்பது நம் சென்னைக் கணக்கில் இரண்டேகால் கிரவுண்டு. பதிவு எண் வருமுன் விளம்பரம் செய்யக்கூடாது, முன்பதிவு வாங்கக்கூடாது. அப்படியானால் "ப்ரீ-லாஞ்ச் ஆஃபர்" என்று வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். மீறினால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம் போட இடமிருக்கிறது. அதே சட்டத்தின் 13ஆவது பிரிவு, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. எங்களிடம் டோக்கனாகக் கேட்டது இரண்டு லட்சம். எழுபத்தொன்றரை லட்சத்தில் அது மூன்று சதவீதம்கூட இல்லை, ஆகவே சட்டத்துக்கு உட்பட்டதுதான். சிக்கல் அந்த இரண்டு லட்சத்தில் இல்லை, அதோடு கையெழுத்து வாங்கும் படிவத்தில் இருந்தது. பின்பக்கம், எறும்பு எழுத்தில், வாங்குபவர் விலகினால் பிடித்தம் போகத்தான் மீதி என்று எழுதியிருந்தது. எவ்வளவு பிடித்தம் என்ற இடம் காலியாக விடப்பட்டிருந்தது. அது ஏன் காலி என்று கேட்டபோது, "அது சும்மா ஃபார்மாலிட்டி சார்" என்று பதில் வந்தது. ஃபார்மாலிட்டி என்றால் பூஜ்யம் என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதவில்லை.

கட்டி முடிக்காத வீட்டுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, நிறைவுச் சான்றிதழ் வாங்கிய வீட்டுக்கு அது கிடையாது என்பதையும் எந்த விற்பனைக் கூடத்திலும் யாரும் தாமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. 45 லட்சத்துக்கு உட்பட்ட சிறிய வீடுகளுக்கு 1 சதவீதம்தான், அது வேறு கணக்கு.

அந்தப் பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களை வழியனுப்ப ரோடு வரை வந்தான். கழுத்துப் பட்டை அவனுக்குப் பழகவே இல்லை, வெளியே வந்ததும் தளர்த்திவிட்டான். விழுப்புரம் பக்கம் ஊர். பெருங்களத்தூரில் நாலு பேராக ஒரு ரூமில் இருக்கிறார்கள். வாங்குபவர் முதல் தவணை கட்டினால்தான் அவனுக்கு இன்சென்டிவ். "மாசக் கடைசி சார், இன்னும் ஒண்ணு கூட முடியல" என்றான். அன்றைக்கு நடந்ததிலேயே கலப்பில்லாத உண்மை அதுதான். அந்த அவசரம் எங்கள் அவசரமே இல்லை; அவனுடைய மாதக் கடைசி. பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருக்கிறது என்பதற்காக எழுபது லட்சத்துக்குக் கையெழுத்துப் போட முடியுமா? "நகலெல்லாம் அனுப்பு தம்பி, சரியா இருந்தா உன் மூலமாத்தான் வாங்குவோம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

நகல் வரவில்லை, போன் வந்தது. ஒவ்வொரு நாளும் வேறு வேறு எண்ணிலிருந்து, வேறு வேறு குரல். 1909இல் தொந்தரவு வேண்டாம் என்று பதிந்து வைத்திருந்தும் சாதாரண பத்து இலக்க எண்களிலிருந்து வருவதால் பலன் இல்லை. ஒவ்வொருவரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது முதல் சில நாள்தான். பிறகு ஒரே பதில்: ரெரா எண், திட்ட அனுமதி நகல், யு.டி.எஸ். அளவு, விலகினால் எவ்வளவு பிடித்தம், இந்த நான்கையும் எழுத்தில் அனுப்புங்கள், பார்த்துவிட்டு நானே கூப்பிடுகிறேன். வாட்ஸ்அப்பில் இதைச் சேமித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். கோபமும் இல்லை, வாக்குவாதமும் இல்லை. அழைப்புகள் தாமாகக் குறைந்தன. கூப்பிட்ட நிறுவனங்களில் ஒன்று மட்டும் நான்கையும் அனுப்பியது. அந்தத் தாள்கள் இப்போது வக்கீலிடம் இருக்கின்றன.

ரெரா ஆணையத்துக்கு ஒரு வேண்டுகோள். நாங்கள் பார்த்த முன்பதிவுப் படிவங்கள் அத்தனையும் ஆங்கிலத்தில்தான் இருந்தன. வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுவந்து வைப்பவர்களில் பலர் பேரப்பிள்ளையைக் கேட்டுத்தான் அதைப் படிக்கிறார்கள், அந்தப் பேரப்பிள்ளை அன்றைக்குக் கூட இருப்பதில்லை. விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எத்தனை நாளில் கிடைக்கும் என்ற இரண்டையும் தமிழில், முதல் பக்கத்தில், படிக்கும்படியான எழுத்தில் அச்சிட வேண்டும் என்று உத்தரவு போடுங்கள். அந்த இடத்தைக் காலியாக விட்ட படிவம் செல்லாது என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.