திரைக்கு அப்பால் ஒரு தொண்டு

தைப்பூச நாளில் வடலூர் சத்திய ஞானசபையில் ஏழு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகுகின்றன. கருமை, நீலம், பசுமை, செம்மை, பொன்மை, வெண்மை, கலப்பு நிறம் எனத் திரைகள் நீங்கியபின் ஜோதி தெரிகிறது. நெடுந்தொலைவு நடந்து வந்த அன்பர்களும், அருகிலுள்ள நெய்வேலி நகரியத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர்களும் ஒரே வெளியில் நின்று தரிசிக்கின்றனர். நெரிசலில் நிற்க இயலாத முதியோர், வீட்டிலிருந்தபடியே தொலைக்காட்சியில் அந்த ஜோதியைக் கண்டு கைகூப்புகின்றனர்.

வீட்டுக்குள் இருக்கும் அந்தத் திரை இன்று நமக்குப் பழகிப்போன பொருள். அதனை நாட்டின் எளிய மக்கள் முன்னும் கொண்டு செல்ல உழைத்தவர்களை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்களுள் ஒருவர் பி. வி. கிருஷ்ணமூர்த்தி. அகில இந்திய வானொலியில் நெடுங்காலம் பணியாற்றியவர். 1976ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வானொலியிலிருந்து தொலைக்காட்சி பிரிந்து தூர்தர்ஷன் என்னும் தனி அமைப்பானபோது, அதன் முதல் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்றவர். 2019ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், தமது 98ஆம் வயதில், சென்னையில் இறைவனடி சேர்ந்தார்.

முதல்வராக அமர்ந்தவர் என்பதற்காக ஒருவரைப் போற்றுவது எளிது. நாற்காலி யாருக்காவது கிடைத்துத்தான் தீரும். அதில் அமர்ந்தவரின் உழைப்பு யாரைச் சென்று சேர்ந்தது என்பதே பெரியோர் கேட்கும் கேள்வி. கிருஷ்ணமூர்த்தியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு பெருமுயற்சி அக்கேள்விக்கு விடை தருகிறது.

1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள், செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. விண்வெளி அறிஞர் விக்ரம் சாராபாய் கண்ட கனவு அது. நிறைவேறும் நாளைக் காண அவர் உயிரோடு இல்லை. அமெரிக்காவின் செயற்கைக்கோள் ஒன்றை ஓராண்டுக்கு இரவலாகப் பெற்று, ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு ஒளிபரப்பினர். பெருநகரங்களிலேயே தொலைக்காட்சி அரிதாக இருந்த காலம் அது. பின்தங்கிய ஊர்களைத் தேர்ந்தெடுத்ததே அத்திட்டத்தின் அறம்.

கம்பிவலையால் ஆன பெரிய வட்டில் போன்ற வானலை வாங்கி, பள்ளியிலோ ஊர்ப்பொதுக் கட்டடத்திலோ ஒரே ஒரு பெட்டி. காலையில் சிறுவர்க்குப் பாடம். மாலையில் உழவு, உடல்நலம், நாட்டு நடப்பு, கலைகள். எவர் வீட்டுக் கூடத்திலும் வைக்காமல், எல்லாரும் வந்து அமரக்கூடிய பொது இடத்தில் வைத்தார்கள். வானொலிக் கலைஞர்களும் அறிவியலாளர்களும் கூடி ஆற்றிய அப்பணியில் ஒலிபரப்புத் துறையின் சார்பில் பெரும்பங்கு ஏற்றவர் கிருஷ்ணமூர்த்தி.

ஆனால் இரவல் பொருளுக்குத் தவணை உண்டு. 1976ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாளோடு தவணை முடிந்தது. செயற்கைக்கோள் திரும்பிச் சென்றது. தரைவழி ஒளிபரப்பு எட்டிய சில பகுதிகளில் மட்டும் பணி தொடர்ந்தது. மற்ற ஊர்களில் முந்தைய மாலைவரை கூட்டம் கூடிய அதே இடத்தில் பெட்டி வெறும் பெட்டியாக நின்றது. நல்லெண்ணத்தோடு ஏற்றிய விளக்குக்கு நாளைய எண்ணெய் எங்கே என்ற கேள்வி அங்கே எழுந்தது.

இக்கேள்வியோடு வடலூருக்குத் திரும்பினால், ஞானசபைக்கு அருகிலேயே விடை இருக்கிறது. 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் வள்ளலார் பெருமான் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்று போற்றப்படுகிறது. பசித்து வந்தவரிடம் சாதியும் சமயமும் கேட்பதில்லை. ஞானசபை திறக்கப்பட்டதோ 1872ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள். ஜோதி தரிசனத்துக்கு ஏறத்தாழ ஐந்தாண்டுகள் முன்னதாகவே பசியாற்றும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தரிசனத்துக்கு முன் தொண்டு என்பதே பெருமான் வகுத்த வரிசை.

அந்த அடுப்பு எங்கிருந்தோ வந்த இரவல் அன்று. பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலத்தை மனமுவந்து அளித்தார்கள். அதன்பின் அரிசியும் காய்கறியும் விறகும் கொண்டு வருபவர் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டே இருக்கிறார்கள். தொடங்கியவர் ஒருவர்; தொடர்ந்தவர் எண்ணிறந்தோர். அணையாமைக்கு வேறு மறைபொருள் தேட வேண்டியதில்லை.

ஆகவே ஒளிபரப்பு அதிகாரி ஒருவரின் வாழ்வைப் போற்றுவது என்றால் என்ன? மாலையும் பொன்னாடையும் ஒருநாளில் வாடிப்போகும் அல்லது மடிந்து பெட்டிக்குள் போகும். கிருஷ்ணமூர்த்தியும் அவர்தம் காலத்துத் தோழர்களும் கடைக்கோடி ஊருக்கு ஒரு பெட்டியைக் கொண்டு சேர்த்தார்கள். அதைச் சுற்றி ஓர் ஊரே அமர்ந்தது. இன்றோ ஒரே வீட்டில் நால்வர் கையில் நான்கு திரைகள். ஒருவர் காண்பது மற்றவருக்குத் தெரியாது. கருவி பெருகியது, கூடி அமர்வது குறைந்தது. இரவல் முடிந்து பெட்டிகள் ஓய்ந்ததைவிடக் கவலைக்குரியது இதுவே.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. மாலையில் ஒரு வேளையேனும் வீட்டார் அனைவரும் ஒரே திரையின் முன் அமர்ந்து நல்லதைக் காணலாம். கண் மங்கிய பாட்டிக்குப் பேரன் படித்துச் சொல்லலாம். வீட்டில் தனித்திருக்கும் அண்டை வீட்டு முதியவரைத் தைப்பூச நேரலைக்கு அழைத்து அமர்த்தலாம். தரிசனம் முடிந்ததும் அவருக்கு ஒரு வாய் உணவும் அளித்தால், தருமசாலை அடுப்பிலிருந்து ஒரு பொறி அந்த வீட்டுக்கும் வந்து சேர்ந்ததாகும்.

தை மாதத்தில் ஏழாவது திரையும் விலகும் அக்கணத்தில், திரைகளை விலக்க நின்ற கைகளை எவரும் காண்பதில்லை. அவர்களும் தம்மைக் காண வேண்டும் என்று நிற்பதில்லை. எல்லாரும் ஜோதியைக் கண்டால் அவர்கள் பணி நிறைவுற்றது. மறைந்த அந்த ஒளிபரப்பாளருக்கும் நாம் செலுத்தும் வணக்கம் அதுவாகவே இருக்கட்டும்.