சத்திரம் என்று பேர் வைத்துக்கொண்டு



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. சுங்குவார்சத்திரம் கடைத்தெருவில் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிய ஒரு ரீசார்ஜ் கடைப் பலகை. கீழே, "இது நம்ம ஊரா?" என்று ஒரு கேள்வி. சாயங்காலத்துக்குள் எழுபது பதில்கள். பாதிப் பேர் சண்டை, மீதிப் பேர் கும்பிடு பொம்மை. கடைசியில் ஒருவன், "சார் எல்லாத்தையும் படிச்சிட்டு சும்மா இருக்காரு, ஏதாவது சொல்லட்டும்" என்று என்னை இழுத்துவிட்டான்.

சும்மா இருந்ததற்குக் காரணம் உண்டு. பதில் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பதே சந்தேகம். அதனால் முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் மாடியில் இரண்டு அறை கட்டினேன். 2022-ல் ஒரு தரகர் மூன்று பையன்களை அழைத்து வந்தார். ஒடிசாக்காரர்கள். ஒரகடம் பக்கம் கான்ட்ராக்ட் வேலை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, அட்வான்ஸ் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். "ஃபேமிலிக்கு மட்டும்தான் விடறோம்" என்றேன். பொய். அடுத்த மாதமே கல்யாணமாகாத நம் ஊர்ப் பையன்கள் இருவர் வந்து கேட்டார்கள். சாவியைக் கொடுத்தேன்.

2023 மார்ச் உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அவை பொய்யானவை என்று போலீஸே அறிவித்தது. அந்த நாட்களில் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் ஒரு பையன் என்னைப் பார்த்து எழுந்து நின்றான். அந்த மூவரில் ஒருவன். காலடியில் பை. "சார், வீடியோ சச் ஹை? உண்மையா?" என்று கேட்டான். "பொய்ப்பா, பயப்படாதே" என்றேன். அவன் பாதித் தமிழில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ரூம் யாரும் குடுக்கல சார். அதான் வீடியோ நிஜம்னு நெனச்சோம்."

அவன் என்னைக் குத்திக் காட்டவில்லை. நான்தான் அந்த 'யாரும்' என்பதுகூட அவனுக்கு நினைவிருந்ததா தெரியாது. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான். பொய்யைக் கிளப்பியவன் எங்கோ இருக்கிறான். அந்தப் பொய் முளைக்க மண்ணைக் கொத்திப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வைத்தவள் உங்களில் ஒருத்தி. நம் பள்ளியில் படித்து, நர்சிங் முடித்து, இப்போது லண்டனில் வேலை பார்க்கிறாள். பெயர் சொல்லவில்லை; கமெண்டில் அவளே வந்தால் வரட்டும். போன முறை ஊருக்கு வந்தபோது வீட்டுக்கு வந்தாள். லண்டனில் முதலில் அறை தேடி அலைந்த கதையைச் சொன்னாள். புதிதாக வந்தவள், சம்பளச் சீட்டு இல்லை, யாரும் இடம் கொடுக்கவில்லை. கடைசியில் கதவைத் திறந்தது செயின்ட் லூசியா தீவிலிருந்து வந்த ஒரு கறுப்பினப் பாட்டி. "1962-ல் பதினெட்டு வயதில் வந்தபோது நான் எத்தனை கதவு தட்டினேன் தெரியுமா? நீ உள்ளே வா" என்றாராம்.

அந்தப் பாட்டி விசேஷ நாட்களில் தலையில் கட்டும் கட்டம் போட்ட துணியின் பெயர் என்ன தெரியுமா? 'மெட்ராஸ்'! நம் கடற்கரையிலிருந்து கம்பெனிக் கப்பல்களில் போன கைத்தறித் துணி. இன்றைக்கு அது செயின்ட் லூசியா, டொமினிகா தீவுகளின் தேசிய உடையில் இருக்கிறது. நம் அப்பாக்கள் கைலியாகக் கட்டிய அதே கட்டம்.

கொஞ்சம் வகுப்பு எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1948 ஜூன் 22 அன்று 'எம்பயர் விண்ட்ரஷ்' என்ற கப்பல் லண்டனுக்குக் கீழே டில்பரி துறையில் ஆட்களை இறக்கியது. ஜமைக்கா, டிரினிடாட் என்று கரீபியத் தீவுகளைச் சேர்ந்த எண்ணூறு பேருக்கு மேல். போரில் நொறுங்கிய பிரிட்டனுக்கு ஆள் தேவை. அடுத்தடுத்த வருடங்களில் வந்தவர்கள் பஸ் ஓட்டினார்கள், ரயிலில் வேலை செய்தார்கள், ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் ஆனார்கள். உழைப்பு வேண்டும், ஆனால் வீடு கிடையாது. வாடகைப் பலகையிலேயே 'கறுப்பர் வேண்டாம்' என்று எழுதி வைத்தார்கள். அது சட்டவிரோதம் என்று ஆனது 1968-ல்தான்.

1958-ல் நாட்டிங் ஹில் பகுதியில் வெள்ளைக்கார இளைஞர் கும்பல்கள் அவர்களைத் தாக்கின. அதற்கு கிளாடியா ஜோன்ஸ் என்ற டிரினிடாட் பெண் பத்திரிகையாளர் கொடுத்த பதில் ஒரு திருவிழா. 1959 ஜனவரியில் செயின்ட் பாங்க்ரஸ் டவுன் ஹாலில், குளிருக்காகக் கூரைக்குள்ளேயே ஆட்டமும் பாட்டும். 1966-ல் நாட்டிங் ஹில் தெருவிலேயே விழா தொடங்கியது. இப்போது ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும் லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். நம் மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் பாக்ஸ் மேல் பாக்ஸாக ஸ்பீக்கர் அடுக்குவோமே, அதே மாதிரி அங்கேயும். 'சவுண்ட் சிஸ்டம்' என்று பெயர், ஜமைக்காவிலிருந்து வந்த பழக்கம்.

ஒரகடத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கவனியுங்கள். கவென்ட்ரி என்று ஓர் ஊர். உங்கள் ஊர் மாதிரியே கார் தொழிற்சாலை ஊர். அங்கே கறுப்பு, வெள்ளைப் பையன்கள் சேர்ந்து 'தி ஸ்பெஷல்ஸ்' என்ற குழு நடத்தினார்கள். ஜமைக்காவின் 'ஸ்கா' தாளம், இங்கிலீஷ் பையன்களின் கோபம், இரண்டும் கலந்த பாட்டு. 1979-ல் அதே ஊரில் 'டூ டோன்' என்ற இசைத்தட்டு நிறுவனம் பிறந்தது. அதன் சின்னத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம். கறுப்புக் கோட்டு, சின்னத் தொப்பி என்று வெள்ளைக்காரப் பையன்கள் ஜமைக்கா இளைஞர்களைப் பார்த்து உடுத்தினார்கள். 1981-ல் வேலையில்லாமல் காலியான ஊரைப் பற்றி ஸ்பெஷல்ஸ் பாடிய 'கோஸ்ட் டவுன்' நாட்டிலேயே முதலிடத்துக்கு வந்தது. இன்று லண்டன் பள்ளிப் பிள்ளைகள், எந்த நிறமானாலும், பேசும் இங்கிலீஷில் ஜமைக்கா வார்த்தைகள் கலந்து கிடக்கின்றன.

இந்தக் கதையில் நம் ஆளும் உண்டு. லண்டனில் அறை தேடி அலையும் கரீபியர்களைப் பற்றி 1956-ல் 'தி லோன்லி லண்டனர்ஸ்' என்ற நாவலை எழுதிய சாம் செல்வன் டிரினிடாடில் பிறந்தவர். அவர் அப்பா சென்னையிலிருந்து போனவர்.

ஆனால் ஒன்று. பாட்டை ஏற்றுக்கொள்வது சுலபம், ஆளை ஏற்றுக்கொள்வதுதான் கஷ்டம். சின்ன வயதில் அந்த நாட்டுக்கு வந்து, ஐம்பது வருடம் உழைத்து வரி கட்டியவர்களைக் 'காகிதம் எங்கே?' என்று கேட்டு வேலையிலிருந்து நீக்கினார்கள், சிலரை நாடு கடத்தவும் செய்தார்கள். 2018-ல் அது பெரிய விவகாரமாக வெடித்து, பிரிட்டன் அரசு மன்னிப்புக் கேட்டது. அவர்கள் பாட்டுக்கு ஆடிய நாடுதான் அதையும் செய்தது.

நம்மையும் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை பானிபூரிக்கும் மோமோவுக்கும் வரிசையில் நிற்கிறோம். ஸ்ரீபெரும்புதூரில் கொரிய எழுத்தில் ஹோட்டல் பலகைகள் எத்தனை இருக்கின்றன? அவற்றைப் பார்த்து "இது நம்ம ஊரா?" என்று யாரும் படம் போடவில்லை. கொரியர்களுக்கு முழு வீட்டையே சந்தோஷமாக விடுகிறோம். அப்படியானால் நமக்குக் கஷ்டம் வேற்று எழுத்தா, ஏழை எழுத்தா?

உங்கள் பயத்தை நான் கேலி செய்யவில்லை. கான்ட்ராக்டர் குறைந்த கூலிக்கு ஆள் கொண்டு வந்தால் நம் பையன் வேலை போகும், அது நியாயமான கவலை. அதைக் கேட்க வேண்டியது கான்ட்ராக்டரிடம். ரீசார்ஜ் கடைக்காரனிடம் இல்லை.

அந்தப் பெண் கிளம்பும்போது மாடியை அண்ணாந்து பார்த்தாள். "சார், ரூம் காலியா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். இருந்தது.

இப்போது இரண்டு ஒடிசாப் பையன்கள் இருக்கிறார்கள். அட்வான்ஸ் கூடுதலாகக் கேட்கத்தான் முதலில் வாய் வந்தது. அடக்கிக்கொண்டு எல்லோருக்கும் கேட்பதையே கேட்டேன். சத்தம் உண்டு, ராத்திரி போனில் உரக்கப் பேசுவார்கள், ஒருமுறை திட்டியிருக்கிறேன். வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றிய சோறு சாப்பிடுகிறார்கள், 'பகாளா' என்று பெயராம். எங்கள் வீட்டம்மா பார்த்துவிட்டு, "இது நம்ம பழைய சோறுதானே!" என்று மோர் மிளகாய் வறுத்துக் கொடுத்தாள். இப்போது மாதம் ஒரு டப்பா தீர்கிறது.

நம் ஊர்ப் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கனுக்குப் படுக்க இடம் கொடுத்த கட்டிடத்தின் பெயரைச் சுமக்கும் ஊர். அந்த ஊரில் வரலாறு நடத்திவிட்டு, வாசலில் நின்ற மூன்று பேரைத் திருப்பி அனுப்பினேன். மாடியில் அறை வைத்திருக்கும் மாணவர்கள் உங்களில் நிறையப் பேர். நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நான் செய்ததைச் சொல்லிவிட்டேன்.

டீக்கடையில் பார்த்த அந்தப் பையனை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. தேடலாம் என்றால், அவன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் வாத்தியார்