கடல் நாவல்களில் கரை

கடல் நாவல் என்று எதைக் கையில் எடுத்தாலும் மனம் முதலில் புயலைத்தான் தேடும். எங்கள் பாம்பன் பக்கத்து ஆட்களுக்கு அது இயல்பு. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்ட கதையை, பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் ஆட்களோடு அலைக்குள் போன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையோடு கட்டிக் கிடக்கும்; துறைமுகம் ஓய்ந்திருக்கும். அந்த ஓய்வில் சில நாவல்களை அடுத்தடுத்துப் படித்தேன். புயலைத் தேடிப் போன எனக்கு எல்லாவற்றிலும் அகப்பட்டது கணக்கு நோட்டு.

முதலில் ப. சிங்காரம். அவர் பிறந்த சிங்கம்புணரி இப்போது சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. 1985இல் மாவட்டம் பிரிவதற்கு முன்பு அதுவும் எங்கள் ராமநாதபுரம் மாவட்டம்தான். 1938இல் சுமத்ராவின் மேடானுக்கு வேலைக்குப் போய், போர்க்காலம் முழுவதும் அங்கே கழித்து, 1946இல் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் பணியாற்றியவர். எழுதியவை இரண்டே நாவல்கள். 1972இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’யில் எல்லோரும் பேசுவது தொங்கான் என்ற மரக்கலத்தில் பினாங்கு போகும்போது அடிக்கிற அந்தப் புயலைப் பற்றி. உண்மைதான், அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது நமக்கும் கால் தரிக்கவில்லை. வாக்கியங்களே உடைந்து உடைந்து வருகின்றன. ஆனால் புத்தகத்தை மூடிய பிறகு என்னைத் தொடர்ந்தது வேறு. மேடானின் வட்டிக்கடைகளில் மேலாளாகவும் அடுத்தாளாகவும் பெட்டியடிப் பையனாகவும் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் ராத்திரியில் உட்கார்ந்து பேசுகிற பேச்சுதான் அது. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு சின்னமங்கலத்தையும் மதுரைத் தெருக்களையும் ஒவ்வொன்றாக நினைவிலிருந்து எடுத்துப் பார்க்கிறார்கள். நாயகன் பாண்டியன் புயலுக்குத் தப்பிவிட்டான். ஊர் திரும்பத்தான் அவனால் முடியவில்லை.

அவருடைய முதல் நாவலான ‘கடலுக்கு அப்பால்’ 1959இல் நூலானது. பெரிய நாவலின் நிழலில் அதைக் கொஞ்சம் மறந்துவிட்டோம் என்று எனக்கு வருத்தம் உண்டு. செல்லையா நேதாஜியின் படையில் சேர்ந்து, போர் பார்த்து, உயிரோடு பினாங்குக்குத் திரும்புகிறான். முதலாளி வயிரமுத்துப் பிள்ளையின் மகள் மரகதத்துக்கும் அவனுக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குப் பிரியம். பிள்ளை மறுத்துவிடுகிறார். அவர் கெட்டவர் அல்லர். அவனை வெறுக்கவும் இல்லை. துப்பாக்கி பிடித்தவனுக்கு வட்டிக்கடையில் குனிந்து உட்காரும் பொறுமை இருக்காது என்று ஒரு தொழில்காரராக அவர் கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கு மரகதத்தின் வாழ்வையும் செல்லையாவின் வாழ்வையும் முடிவு செய்துவிடுகிறது. போரில் தோற்காதவன் பேரேட்டின் முன் தோற்று நிற்பதைப் படித்துவிட்டு, அன்று வேறு எதையும் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977). சிறிய நாவல்; ஓர் இரவில் முடித்துவிடலாம். பிலோமிக்கும் சாமிதாஸுக்கும் இடையில் உள்ள அன்பையே அதன் உயிராகப் பலர் சொல்வார்கள். எனக்கோ பிலோமியின் அப்பா குரூஸ் மிக்கேலின் வல்லம் என்னும் நாட்டுப்படகுதான் அதன் நடுநாயகம். மகன் படித்து வாத்தியாராகிவிட்டான்; வீட்டையும் வல்லத்தையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வல்லம் போனால் மிக்கேல் யார்? கடலில் லாஞ்சுகள் என்னும் விசைப்படகுகள் வந்துவிட்டன. லாஞ்சுக்காரர்களுக்கும் வல்லக்காரர்களுக்கும் பகை மூண்டு இரத்தம் சிந்துகிறது. நாவல் நடப்பது தெற்கே, பரதவர் கடற்கரையில். அந்தப் பகை எங்களுக்கும் தெரிந்ததுதான். பாக் நீரிணையில் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று முறை வைத்தது இதே மோதலால்தான். ஒரு கடலைக் கிழமை பார்த்துப் பங்கிட்டுக்கொள்ள வேண்டி வந்த மனிதர்களின் வேதனை, எந்த அரசாணையையும்விட வண்ணநிலவனின் அந்தச் சில பக்கங்களில் தெளிவாக இருக்கிறது. அவர் யாரையும் குற்றம் சொல்வதில்லை. லாஞ்சு வாங்கியவனுக்கும் அதற்குரிய கடன் இருக்கிறது என்பதை அவர் அறிந்திருக்கிறார்.

ஜோ டி குரூஸின் ‘ஆழிசூழ் உலகு’ (2004) கனத்த நூல். உவரியில் பிறந்து கப்பல் தொழிலில் இருப்பவர் எழுதியது; காற்றும் நீவாடு என்னும் நீரோட்டமும் மீனும் உள்ளிருந்து அறிந்த பேச்சில் வருகின்றன. கட்டுமரம் கவிழ்ந்து கோத்ரா, சூசை, சிலுவை மூவரும் நடுக்கடலில் மிதக்கிறார்கள். அந்தப் பகுதிகளுக்கு இடையே ஆமந்துறையின் பல பத்தாண்டுக் கதை விரிகிறது. நான் கண்ட நாவல்களில் கடலுக்குள் மிக ஆழமாகப் போவது இதுதான். அதிலும்கூட மூவரும் கரையில் செய்ததையும் பட்டதையும் சுமந்துகொண்டுதான் மிதக்கிறார்கள். தண்ணீரைவிட அந்தப் பாரம்தான் அவர்களை அழுத்துகிறது.

ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ (1979) நாவலை இவற்றோடு சேர்த்துப் படித்தது நல்லதாயிற்று. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் கதை அது. பொன்னாச்சி முதன்முதலாக அளத்துக்குள் இறங்கும் இடத்தில் வாலிநோக்கத்து உப்பளங்களை நினைக்காமல் எங்கள் மாவட்டத்துக்காரர் யாரும் இருக்க முடியாது. வெயிலில் உப்பு கண்ணைப் பறிக்கும், காலைப் புண்ணாக்கும். மழைக்காலத்தில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் வாங்கிய கடன் அடுத்த வெயிலுக்கும் ஆளைப் பிடித்து வைத்திருக்கும்.

இப்படி வரிசையாகப் படித்ததில் எனக்குத் தெளிந்தது இதுதான். நல்ல கடல் நாவலாசிரியர்கள் கரையைத்தான் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். புயல் ஓர் இரவில் வந்து போகும். முன்பணமும் வட்டியும் டீசல் பாக்கியும் பங்குக் கணக்கும் தலைமுறை தாண்டி வரும். மனிதன் என்ன ஆகிறான் என்பதை அந்தக் கணக்கே தீர்மானிக்கிறது.

அதனால்தான் எங்கள் பாம்பன் தீவிலிருந்து வர வேண்டிய நாவலைப் பற்றி எனக்குப் பெரிய ஆசை இருக்கிறது. இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகுகளில் பல திரும்பி வருவதில்லை. அந்தப் படகின் மேல் வாங்கிய கடன் மட்டும் இங்கேயே நிற்கிறது. கழுத்தளவு தண்ணீரில் மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அன்றன்று எடுத்ததற்கு என்ன விலை என்பது அவர்கள் கையில் இல்லை. இவற்றை வெளியிலிருந்து பார்த்து எழுதினால் செய்தியாகத்தான் வரும். அப்பாவின் படகுக் கணக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிக் கொடுத்த பிள்ளைகள் இன்று பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கல்லூரிக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருவர் இந்த நாவலை எழுதவேண்டும். அவர் முதலில் ‘கடலுக்கு அப்பால்’ படிக்கட்டும். கூச்சலோ கண்ணீரோ இல்லாமல் ஒரு பேரேட்டை எப்படிக் கதையாக்குவது என்று சிங்காரம் அதில் காட்டியிருக்கிறார்.