பன்னிரண்டு ஸ்பூன் பெருங்காயம்!

“பிடிஎஃப் இருக்கு. அப்படியே வேர்டுல மாத்திக் கொடுங்க. அஞ்சு நிமிஷ வேலைதானே!”

டி.டி.பி. சென்டர்களில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. பழைய தமிழ்க் கோப்பு என்றால் அஞ்சு நிமிஷம் போதாது.

மதுரையில் டி.டி.பி. சென்டர் நடத்தும் ஒரு பெண்ணிடம், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பென் டிரைவோடு வந்தார். மறைந்த மனைவி எழுதிய சமையல் குறிப்புகள், 40 பக்கம். இன்னும் சில குறிப்புகளைச் சேர்த்து, பேத்தி கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு புத்தகமாகக் கொடுக்க ஆசை. டைப் செய்த மூலக் கோப்பு பழைய கம்ப்யூட்டரோடு போய்விட்டது. மிஞ்சியது பிடிஎஃப் மட்டும்.

வேர்டில் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள்! காரணம், பாமினி எழுத்துரு. அதில் ‘தமிழ்’ என்று நம் கண்ணுக்குத் தெரிவது, கம்ப்யூட்டருக்குள் ஜே, கே, பி, ஓ என்ற எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். யூனிகோடு கன்வெர்ட்டரில் போட்டதும் தமிழ் வந்தது. ஆனால், வரிகள் பாதியில் உடைந்திருந்தன. 1993-ல் அடோபி கொண்டுவந்த பிடிஎஃப்-பின் நோக்கமே, எங்கே திறந்தாலும் பக்கம் கலையாமல் தெரிய வேண்டும் என்பதுதான். எந்த எழுத்து எந்த இடத்தில் என்று அது குறித்து வைக்கும். பத்தி எங்கே முடிகிறது என்பது பெரும்பாலும் அதில் இருக்காது.

கடைசிப் பத்துப் பக்கங்கள் ஸ்கேன் செய்த படங்கள். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தார். படத்திலிருந்த எழுத்துகளைப் படித்துக் கொடுத்தது. சில இடங்களில் துணைக்கால் ‘ர’ ஆகியிருந்தது. புள்ளிகள் காணாமல் போயிருந்தன. ரசத்துக்கு ‘½ ஸ்பூன் பெருங்காயம்’ என்பது ‘12 ஸ்பூன்’ ஆகியிருந்தது!

பெரியவர் சிரித்துவிட்டார். அந்தப் பெண்ணுக்குத்தான் கவலை. 12 என்றால் யாரும் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வார்கள். ¼ என்பது ½ ஆகியிருந்தால் யார் கண்டுபிடிப்பது?

“ஐயா, நீங்க பழைய பிரதியைப் பார்த்துச் சத்தமா வாசிங்க. நான் ஸ்கிரீன்ல சரிபார்க்கிறேன்.”

இரண்டு சாயங்காலம் வாசித்தார். வத்தக்குழம்பில், ‘ஒரு கொதி வந்ததும் இறக்கிடு. நின்னு வேடிக்கை பார்க்காதே’ என்று இருந்தது.

“இதை ‘இறக்கவும்’னு மாத்திடவா ஐயா?”

“வேண்டாம்மா. பொண்ணுக்குச் சொல்ற மாதிரியே எழுதியிருக்கா. அப்படியே இருக்கட்டும்.”

அவர் வந்து உட்கார்ந்து வாசிக்காவிட்டால், அந்த வரி ‘திருத்தப்பட்டிருக்கும்’.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிடிஎஃப் இருந்தால், மாற்றியதும் அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். எழுதியவரைத் தெரிந்த ஒருவர் வாசிக்க, இன்னொருவர் சரிபார்க்கட்டும். எண்களை இரண்டு முறை பாருங்கள். சரிபார்த்த யூனிகோடு கோப்பை மெயிலில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று எனச் சேமித்து வையுங்கள். பழைய பிடிஎஃப்-ஐயும் அழித்துவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் இருக்கிறது.